மகளுக்குத் தேசியப் பூங்காவில் கோடைக்கால ரேஞ்சர் வேலை: அனுப்பலாமா?

#1 தாமரைக்குளம்

எல்லாருக்கும் வணக்கம். மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் முடிக்கப் போறா, பயாலஜி. இந்த லீவுக்கு ஏதாவது லேப்ல சேருவான்னு நாங்க நினைச்சிட்டிருந்தோம். அவ எங்ககிட்ட மூச்சு விடாம யுஎஸ்ஏஜாப்ஸ்ல (அமெரிக்க அரசாங்க வேலைக்கான வெப்சைட்) அப்ளை பண்ணி, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல சீசனல் வேலை வாங்கிட்டு வந்து நிக்கிறா. பதவி பேரு பார்க் கைடு, ஜி.எஸ்-4 கிரேடு (அரசாங்கச் சம்பளப் படி), இன்டர்ப்ரெட்டேஷன் பிரிவு. வர்ற ஜனங்களுக்குப் பூங்காவைப் பத்தி எடுத்துச் சொல்ற வேலையாம்.

மே மாசம் போனா ஆகஸ்ட் கடைசி வரைக்கும். மாமத் ஹாட் ஸ்பிரிங்ஸ்னு ஒரு இடத்துல தங்கணும். மணிக்கு 17 டாலர் சொச்சம், அதுலயே ரூம் வாடகையையும் பிடிச்சுக்குவாங்க. போன் சிக்னல் பாதி இடத்துல இல்லையாம். கரடி வேற இருக்காம். வீட்டுக்காரர், "டிக்கெட் கிழிக்கிறதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுறோம்"னு ஒரே வரியில முடிச்சிட்டார். எனக்கு அவ முகத்தைப் பார்த்தா வேண்டாம்னு சொல்ல வாய் வரல. இந்த வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா உள்ளது உள்ளபடி சொல்லுங்க. பதில் சொல்ல அவளுக்கு ஒரு வாரம்தான் டைம்.

#2 பொட்டிதட்டி

உள்ளது உள்ளபடி கேட்டதால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இரண்டாம் வருஷம் முடிஞ்ச சம்மர்தான் ரொம்ப முக்கியம். பயாலஜி பிள்ளைங்களுக்கு என்எஸ்எஃப் (அமெரிக்க அரசோட அறிவியல் நிதி அமைப்பு) பணத்துல நடக்கிற ஆர்இயூ மாதிரி மாணவர் ஆராய்ச்சித் திட்டமெல்லாம் இருக்கு. உதவித்தொகை தர்றாங்க, பேராசிரியர் கையால சிபாரிசுக் கடிதம் கிடைக்கும். தொப்பி போட்டுக்கிட்டு "அந்தப் பக்கம் எருமை, இந்தப் பக்கம் வெந்நீர்"னு கை காட்டினதை ரெஸ்யூமேல எந்த இடத்துல போடுவா?

இன்னொண்ணு, அரசாங்க வேலைன்னு நம்பி உக்காந்திரவும் முடியாது. 2025 ஜனவரியில கூட்டரசு வேலை நியமனத்தை நிறுத்தி வெச்சப்போ, கையில ஆஃபர் வெச்சிருந்த சீசனல் ஆளுங்களுக்கே ரத்துன்னு மெயில் போச்சு. அப்புறம்தான் சீசனலுக்கு விலக்கு கொடுத்தாங்க. அதுக்குள்ள பலரும் வேற வழி பாத்துட்டாங்க.

#3 பழைய_தொப்பி

தாமரைக்குளம் அக்கா, நான் யெல்லோஸ்டோன்லயும் வேற இரண்டு பூங்காவுலயும் சீசனல் இன்டர்ப்ரெட்டரா இருந்தவ. இப்போ ஸ்கூல் டீச்சர். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல சார்கிட்ட சொல்லுங்க: டிக்கெட் கிழிக்கிறது வேற டிவிஷன். துப்பாக்கியோட சட்டம் ஒழுங்கு பாக்குற ரேஞ்சர் வேற. உங்க பொண்ணு சேரப் போறது மூணாவது வகை. சாம்பல் சட்டை, பச்சை பேன்ட், கோடைக்கு வைக்கோல் தொப்பி. (குளிருக்கு ஃபெல்ட் தொப்பி. அந்தத் தொப்பி மழையில நனைஞ்சா சுண்டிப்போகும், இப்பவே உறை ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லுங்க.)

காலையில விசிட்டர் சென்டர் கவுன்ட்டர். அங்க வர்ற கேள்வியில பாதி "பாத்ரூம் எங்க?" மீதியில பாதி "எங்களுக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு, என்ன பாக்கலாம்?" பூங்கா கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். மூணு மணி நேரத்துல என்னத்தைப் பாக்குறது! ஆனா அந்த மூணு மணி நேரத்தைப் பிரயோஜனமா வெட்டிக் கொடுக்கிறதுதான் சாமர்த்தியம். கைக்குழந்தை இருக்கா, பெரியவங்க எவ்வளவு தூரம் நடப்பாங்க, எந்த வாசல் வழியா வெளிய போறீங்க. இதை மூணையும் கேக்காம மேப்ல பேனா வைக்கக் கூடாதுன்னு எனக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்தாங்க. "மிருகங்களை எத்தனை மணிக்குத் திறந்து விடுவீங்க?"ன்னும் கேப்பாங்க. சிரிக்கக் கூடாது. கேட்டவர் உண்மையாவே கேக்குறார்.

மத்தியானம் ரோவிங். அதாவது கூட்டம் இருக்கிற இடத்துல சும்மா சுத்தணும், ஆனா சும்மா சுத்துற மாதிரி சுத்தக் கூடாது. பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) பக்கத்துல 25 கெஜத்துக்குள்ள போகக் கூடாது, கரடி, ஓநாய்னா 100 கெஜம். இதை யார்கிட்டயாவது நம்பரா சொல்லிப் பாருங்க, தலையாட்டிட்டு நேரா பைசன்கிட்ட போவாங்க. நாங்க கட்டை விரல் வித்தை காட்டுவோம். கையை முழுசா நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலைத் தூக்கணும். விரலுக்குப் பின்னால மிருகம் முழுசா மறைஞ்சா சரியான தூரம், கொம்போ வாலோ வெளிய தெரிஞ்சா பின்னால நகரணும். குழந்தைங்க இதைக் கத்துக்கிட்டா அன்னைக்குப் பூரா அப்பா அம்மாவை அதட்டிக்கிட்டே இருக்கும். எங்க வேலையை அதுங்களே பாத்துரும்.

அப்புறம்தான் பேச்சு. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுல நான் கொடுத்த 20 நிமிஷப் பேச்சை வெச்சு சொல்றேன். பெஞ்ச் நிறைய ஜனம், எல்லார் கையிலயும் போன், அத்தனை பேருக்கும் ஒரே கேள்வி: எப்போ பொங்கும்? போர்டுல ஒரு நேரம் போட்டிருப்போம், அதுக்கு முன்ன பின்ன 10 நிமிஷம். அந்த நேரம் எப்படிக் கிடைச்சுதுன்னு நான் சொல்ல மாட்டேன். கூட்டத்துல ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு வாட்ச்சைக் கையில கொடுத்திருவேன். நடுநடுவுல தெளிக்கிறதெல்லாம் கணக்கில்ல, தண்ணி நிக்காம எழும்ப ஆரம்பிச்ச உடனே அழுத்து, அடங்கினதும் நிறுத்து. இரண்டரை நிமிஷத்துக்குக் கம்மியா பொங்கியிருந்தா அடுத்தது ஒரு மணி நேரம் சொச்சத்துல வரும். அதுக்கு மேல பொங்கியிருந்தா ஒன்றரை மணி நேரம் ஆகும். ஏன்னு கேப்பேன். யாராவது ஒருத்தர், "அதிகமா காலி ஆச்சுன்னா நிரம்ப லேட் ஆகும்"னு சொல்லிருவாங்க. அவ்வளவுதான், பூமிக்குள்ள இருக்கிற குழாய், பாறைச் சூடு, அழுத்தம் எல்லாத்தையும் அந்த ஒரு பதில்ல தொங்க விட்டுரலாம். அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும்ங்கிறதையும் அதுக்கு அப்புறம் சொன்னாதான் காதுல ஏறும்.

இந்தத் தொழிலுக்கு அடிப்படை போட்டவர் ஃப்ரீமன் டில்டன், பத்திரிகைக்காரர். 1957ல அவர் எழுதினதை இன்னைக்கும் பயிற்சியில முதல் நாளே எடுத்துப் போடுவாங்க. பாடம் நடத்துறது நம்ம வேலை இல்ல, கேக்குறவங்க மனசைக் கிளறி விடுறதுதான் வேலைங்கிறது அவர் கட்சி. குழந்தைகளுக்குச் சொல்றதுன்னா பெரியவங்க பேச்சைத் தண்ணி ஊத்திக் குறைக்கிறது இல்ல, அதுக்குத் தனி வழி வேணும்னும் சொன்னார். இன்னைக்கு என் வகுப்பறையில எனக்குச் சோறு போடுறது இந்த இரண்டும்தான். பொட்டிதட்டி சார், ரெஸ்யூமேல எங்க போடுறதுன்னு கேட்டீங்களே, முன்னப் பின்ன தெரியாத 200 பேரை 20 நிமிஷம் போனைக் கீழ வைக்க வெச்சேன்னு போடலாம்.

#4 அரைடிக்கெட்

+1. போன வருஷம் நான் எஸ்சிஏ மூலமா ஒரு பூங்காவுல இன்டர்ன். (மாணவர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், 1957லிருந்து இருக்கு. பூங்காவுக்கு ஆள் அனுப்புவாங்க, செலவுக்குக் கொஞ்சம் தருவாங்க.) இதே வேலைதான், சம்பளம் மட்டும் இல்ல.

அக்கா, தங்குற இடத்தைப் பத்தி யாரும் சொல்லலயே. எந்தப் பூங்கான்னு சொல்லல, எனக்குக் கிடைச்சது ஒரு பழைய டிரெய்லர். ஷவரைத் திறந்தா சமையல் மேடைக்கு அடியில ஒழுகும். எலி எங்களுக்கு முன்னாலயே குடி வந்திருந்துச்சு. கம்ப்ளெயின்ட் கொடுத்தா "லிஸ்ட்ல இருக்கு"ன்னாங்க. நான் கிளம்புற வரைக்கும் லிஸ்ட்லதான் இருந்துச்சு. ஆனா மாமத் பூங்காவோட தலைமையிடம், பக்கத்து ஊரு கார்டினர் ஐந்தே மைல். காட்டுக்கு நடுவுல இருக்கிற ஸ்டேஷனை விட அது எவ்வளவோ மேல்.

முன்னாடியே கேட்டு வாங்க வேண்டியது: எத்தனை பேருக்கு ஒரு ரூம், சமையலறை தனியா பொதுவா, வாடகை எவ்வளவு, இன்டர்நெட் இருக்கா. கார் கண்டிப்பா வேணும். பெரிய கடைக்குப் போகணும்னா லிவிங்ஸ்டன், 50 மைலுக்கு மேல. சனி, ஞாயிறு லீவு கிடைக்கும்னு கனவு காண வேண்டாம், கூட்டம் வர்ற நாள்தான் நமக்கு வேலை நாள். லீவு செவ்வாய் புதன்ல வரும்.

#5 குளிர்நாட்டான்

நான் கனடாவில இருக்கிறன். இஞ்சயும் இதே வேலை இருக்கு, கொஞ்சம் வேற மாதிரி. பார்க்ஸ் கனடாவிட ஆதியமைப்பு 1911ல துவங்கினது, உலகத்திலயே முதலாவது தேசியப் பூங்காச் சேவை அதுதான். அமெரிக்காவில 1916லதான் வந்தது. (இதைச் சொல்லாமல் விட்டால் என்னைக் கனடாக்காரன் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம்.)

யூனிவேர்சிற்றியில படிக்கேக்க நான் ஹலிஃபாக்ஸ் சிற்றாடல் கோட்டையில கோடைகாலத்தில வேலை செய்தனான். அங்க காடு கரடி ஒண்டும் இல்லை, சரித்திரம்தான். 1869இல இருந்து 1871 வரைக்கும் அங்க இருந்த 78ஆவது ஹைலாண்டர்ஸ் படையின்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு நிக்கவேணும். கம்பளிக் கோட்டு, கில்ட், தலையில இறகுத் தொப்பி. ஜூலை வெய்யிலுக்குள்ள. ஒவ்வொரு நாளும் மத்தியானம் 12 மணிக்குப் பீரங்கி வெடிக்கும், கிறிஸ்மஸ் நாளைத் தவிர. அதுக்கு முன்னம் பத்து நிமிசம்தான் எங்களுக்குப் பொன்னான நேரம். சனம் இடம் பிடிச்சு நிக்கும், வேற எங்கயும் போகாது. அந்த நேரத்தில சொல்லுறதுதான் மனசில நிக்கும். வெடிச்சாப்பிறகு என்ன சொன்னாலும் காற்றோட போயிடும், பிள்ளையள் காதைப் பொத்திக்கொண்டு நிப்பினம்.

உடுப்பு போடுற இடங்களில ரெண்டு விதம் இருக்கு. சில இடத்தில நீங்கள் அந்தக் காலத்து ஆளாகவே கதைக்கவேணும், செல்ஃபோன் எண்டால் என்னெண்டு தெரியாத மாதிரி. சில இடத்தில உடுப்பு மட்டும்தான் பழசு, கதைக்கிறது இண்டைய ஆள். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். முதலாவதில சனம் கடுமையான கேள்வி கேட்டால், உதாரணத்துக்கு அந்தக் காணி முந்தி ஆருடையது எண்டு அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களைப் பற்றிக் கேட்டால், 1869 ஆள் அதுக்கு நேர்மையா மறுமொழி சொல்ல ஏலாது.

இஞ்ச ஃபிரெஞ்சு தெரிஞ்சால் பெரிய வாய்ப்பு, ரெண்டு மொழியிலயும் வரவேற்கவேணும். கனடா சமர் ஜொப்ஸ் திட்டம் 15 வயசில இருந்து 30 வயசு வரைக்கும். குடியுரிமை, பிஆர் (நிரந்தர வதிவுரிமை) அல்லது அகதி அந்தஸ்து இருக்கவேணும். வெளிநாட்டு மாணவர் விசாவில வந்த பிள்ளையளுக்கு அது சரிவராது.

அக்கா, அனுப்புங்கோ. எங்கட சனம் பிள்ளையள் மேடையில கதைக்கவேணும் எண்டு பேச்சுப்போட்டிக்கு ஓடுப்பட்டுத் திரியுதுகள். இஞ்ச சம்பளம் தந்தெல்லோ கதைக்க விடுறாங்கள்.

#6 எஃப்ஒன்_எஃகு

இடையில ஒரு சந்தேகம். நான் எஃப்-1 மாணவர் விசால மாஸ்டர்ஸ் படிக்கிறேன். தேசியப் பூங்காவுல இந்த வேலைக்கு அப்ளை பண்ணலாமா?

#7 அரைடிக்கெட்

முடியாது ப்ரோ. கூட்டரசு வேலை, அமெரிக்கக் குடியுரிமை கேப்பாங்க. கிரீன் கார்டுக்கே கஷ்டம். மாநிலப் பூங்கா, நேச்சர் சென்டர், மியூசியம் மாதிரி இடங்கள் அவங்கவங்க ரூல்படி எடுப்பாங்க, ஆனா எஃப்-1ல கேம்பஸுக்கு வெளிய வேலைன்னாலே பெரும்பாலும் சிபிடி, ஓபிடிதான் (படிப்போட ஒட்டின வேலைக்கான அனுமதிகள்). உங்க இன்டர்நேஷனல் ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்காம எங்கயும் கால் வைக்காதீங்க. சம்பளமில்லாத வாலன்டியர் வேலையா இருந்தாலும் முதல்ல கேட்டுக்கோங்க.

#8 பொட்டிதட்டி

பழைய தொப்பி எழுதினது நல்லாத்தான் இருக்கு, எனக்கே ஓல்ட் ஃபெய்த்ஃபுல் போகணும் போல ஆயிடுச்சு. ஆனா அக்கா கேட்டது போகலாமான்னு இல்ல, பொண்ணை அனுப்பலாமான்னு. என் கவலை இந்த ஒரு சம்மர் இல்ல. ருசி கண்ட பூனையா அடுத்த வருஷமும் போறேன்னு நின்னா? என் ஆபீஸ்ல ஒருத்தர் தம்பி இப்படித்தான். கோடைக்கு மலை, குளிருக்கு பாலைவனம்னு வருஷம் இரண்டு தடவை மூட்டை கட்டிக்கிட்டே இருக்கார். வயசு முப்பத்தஞ்சு. பென்ஷன் இல்ல, நிரந்தர முகவரி இல்ல. நிரந்தரம் எப்போ கிடைக்கும்னு பழைய தொப்பியே சொல்லட்டும்.

#9 பழைய_தொப்பி

இந்த விஷயத்துல நீங்க சொல்றதுல பொய்யே இல்ல சார். நானே வெளிய வந்ததுக்குக் காரணம் அதுதான்.

வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரியாத கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு சீசனல் ஆளை ஒரு வருஷத்துல 1,040 மணி நேரத்தைத் தொடாம வெச்சிருந்தாதான் மறு வருஷம் போட்டியில்லாம திரும்ப எடுக்க முடியும். அதனால எல்லாரையும் 1,039ல நிறுத்திருவாங்க. சீசனல் ஆளுங்க இரண்டு பேர் சந்திச்சா "உனக்கு எத்தனை மணி பாக்கி?"ன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும். ஆறு மாசத்துல வேலை முடியும், வீடும் அதோட போயிரும், ஏன்னா வீடு வேலையோட ஒட்டினது. சீசனல் காலம் ஓய்வூதியத்துக்கும் சேராது. 2015ல ஒரு சட்டம் வந்துச்சு: இந்த மாதிரி தற்காலிக வேலையில மொத்தம் 24 மாசம் சேர்ந்தா, உள்ளே இருக்கிறவங்களுக்கு மட்டும் திறக்கிற நிரந்தர வேலைகளுக்கும் போட்டி போடலாம். போட்டி போடலாம், அவ்வளவுதான். கிடைக்கும்னு இல்ல. வருஷத்துக்கு நாலு மாசம் போனா 24 மாசம் சேர எவ்வளவு ஆகும்னு பாத்துக்கோங்க.

ஆனா இந்தக் கணக்கெல்லாம் 28 வயசுல உட்காந்து போட வேண்டியது. 20 வயசுல, காலேஜ் இருக்கு, வீடு இருக்கு, 26 வயசு வரைக்கும் அப்பா இன்ஷூரன்ஸ்லயே இருக்கலாம். இப்போ போகாம வேற எப்போ போவா? ஒரு சம்மருக்குக் கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க. இரண்டாவது சம்மருக்குப் போறேன்னா உக்காந்து பேசுங்க. அஞ்சாவது சம்மர்னா அப்போ பொட்டிதட்டி சாரைப் பேச விடுங்க.

ஆர்இயூ பத்தி ஒண்ணு. லேப் நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா மாமத்ல இருந்தா ஓநாய், பைசன், எல்க் மான் ஆராய்ச்சி பண்றவங்களோட ஒரே ஊர்ல இருப்பா. சாயங்காலம் போய் "உங்க கூட ஒரு நாள் வரட்டுமா"ன்னு கேக்கலாம். கேக்குறதுக்கு வாய் இருக்கணும். அந்த வாயைத்தான் இந்த வேலை கொடுக்குது.

#10 தாமரைக்குளம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரருக்கு பழைய தொப்பி எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். கட்டை விரல் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார், வேற ஒண்ணும் சொல்லல. அது நல்ல சகுனம்தான்.

இன்னும் இரண்டு கவலை. ஒண்ணு, பத்திரமா இருப்பாளா. இன்னொண்ணு, இதை எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. அந்தப் பக்கமெல்லாம் நம்ம நிறத்துல ஆளே கம்மி. இவ நின்னு அமெரிக்கா வரலாறு சொன்னா கேப்பாங்களா?

#11 கணக்குவாத்தியார்

அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மகன் வீட்டுக்கு அருகிலுள்ள தேசியப் பூங்கா ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். 1970ஆம் ஆண்டு வந்த சட்டத்தின்படி யார் வேண்டுமானாலும் இப்படிச் சேரலாம். தொப்பி வேறு, சட்டை வேறு, மேசை ஒன்றுதான். முதல் கேள்விக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கரடியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குக் கரடி ஆபத்தில்லை. யெல்லோஸ்டோனில் மிருகங்களில் அதிகம் பேரைக் காயப்படுத்தியது பைசன்தான். இயற்கை அம்சங்களில் அதிகம் பேரைக் காயப்படுத்தியோ கொன்றோ இருப்பவை வெந்நீர் ஊற்றுகள். இரண்டும் ரேஞ்சரைத் தேடி வந்து தாக்குவதில்லை. வேலிப் பலகையைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து. மாமத்தில் மே, ஜூன் மாதங்களில் எல்க் பெண் மான்கள் கட்டடங்களுக்கு நடுவிலேயே கன்று ஈனும். கன்று புதருக்குள் படுத்திருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, தாய் பாய்ந்து வரும். கதவைத் திறந்ததும் இரு பக்கமும் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். காட்டுப் பாதையில் தனியே போக வேண்டாம், மூன்று பேராவது சேர்ந்து போகட்டும், கரடி ஸ்பிரே இடுப்பில் இருக்கட்டும். பைக்குள் அல்ல, இடுப்பில்.

வயதைப் பற்றியும் ஒரு சொல். என்னைப் போன்றவர்கள் தயங்க வேண்டியதில்லை. பெட்டி ரீட் சாஸ்கின் என்ற அம்மையார் 80 வயதைக் கடந்த பிறகு ரேஞ்சர் ஆனார், கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் இரண்டாம் உலகப் போர்க்கால உள்நாட்டு வரலாற்றைச் சொன்னார். 2022இல் ஓய்வு பெறும்போது அவருக்கு வயது 100. கறுப்பினப் பெண்களின் அனுபவம் அந்தக் கதையில் விடுபட்டிருப்பதை அவரே எடுத்துச் சொல்லி, சொல்லும் முறையையே மாற்றினார்.

#12 பழைய_தொப்பி

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன்.

கேப்பாங்க. "நீ உண்மையில எந்த ஊரு?"ன்னும் கேப்பாங்க. சிலர் ஆசையா, சிலர் வேற மாதிரி. நான் அதுக்குன்னு பதில் வெச்சிருந்தேன்: "இந்த சம்மருக்கு மாமத்தான் ஊரு, நீங்க எங்கிருந்து வர்றீங்க?" கேள்வியைத் திருப்பிப் போட்டா பெரும்பாலும் நல்ல பேச்சாவே முடியும். ஒருத்தர் ரொம்ப எல்லை மீறினா சூப்பர்வைசரைக் கூப்பிடுறதுல தப்பே இல்ல, அதைப் பயிற்சியிலயே சொல்வாங்க. கோடை முழுக்க அப்படி வந்தது விரல் விட்டு எண்ணுற அளவுதான்.

அமெரிக்க வரலாறு யாருக்குச் சொந்தம்ங்கிறதுக்கு அந்தத் தொப்பியே சாட்சி. பூங்காச் சேவை 1916ல வர்றதுக்கு முன்னால இந்தப் பூங்காக்களைக் காவல் காத்தது ராணுவம், யெல்லோஸ்டோன்ல 1886லிருந்தே. கலிஃபோர்னியாவுல இருக்கிற யோசெமிட்டி, செகோயா பூங்காக்கள்ல காவல் இருந்ததுல கறுப்பினக் குதிரைப்படை வீரர்களும் உண்டு. அவங்கள்ல கேப்டன் சார்லஸ் யங் 1903ல செகோயாவுக்குத் தற்காலிக சூப்பரின்டெண்டெண்டாவே இருந்து, பெரிய மரங்களுக்குப் போற ரோடு போட்டு முடிச்சார். அவங்க அன்னைக்குப் போட்டிருந்த நாலு மடிப்புத் தொப்பிதான் இன்னைக்கு ரேஞ்சர் தொப்பி. யோசெமிட்டியில ஷெல்டன் ஜான்சன்ங்கிற ரேஞ்சர் இந்தக் கதையைத் தோண்டி எடுத்து, பல வருஷம் ஜனங்களுக்குச் சொல்லிப் பேர் வாங்கினவர்.

அப்புறம், நம்ம ஆளுங்க வருவாங்க. கவுன்ட்டர்ல பேர்ப் பலகையைப் பாத்துட்டு, "ஏம்மா நீ தமிழா?"ன்னு ஒரு பாட்டி சத்தமா கேப்பாங்க. அப்புறம் குடும்பம் பூரா வரிசையை விட்டுட்டு போட்டோ எடுக்க வந்துரும். பின்னால நிக்கிறவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத் தயாரா இருக்கணும்.

#13 பொட்டிதட்டி

அந்தப் பாட்டி எங்க அம்மாவா இருக்க வாய்ப்பு அதிகம்.

#14 தாமரைக்குளம்

அப்டேட்: ஆஃபரை ஒத்துக்கிட்டா. வீட்டுக்காரர் காருக்கு டயர் மாத்திக் கொடுத்திருக்கார். அடுத்த வருஷம் லேப்தான்னு கையெழுத்து வாங்காத குறை.

பேச்சுக்குத் தலைப்பு இப்பவே யோசிக்கச் சொல்லியிருக்காங்களாம். ஓநாய்னு முடிவு பண்ணி ஆறு பக்கம் எழுதிட்டா. 1926ல பூங்காவுல கடைசி ஓநாய்க் கூட்டத்தைக் கொன்னது, 1995ல கனடாவிலிருந்து 14, 1996ல 17 கொண்டு வந்து விட்டது, அதனால எல்க் மான் குறைஞ்சு, மரம் வளந்து, ஆத்தோட போக்கே மாறினது வரைக்கும் வருது. படிக்க எனக்குப் புல்லரிச்சுது. பழைய தொப்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?

#15 குளிர்நாட்டான்

அந்த ஓநாயள் எங்கட நாட்டில இருந்து போனதெண்டு ஒரு வரி கட்டாயம் இருக்கவேணும். கனடாவுக்கு நன்றி எண்டு முடிச்சால் இன்னும் நல்லம்.

#16 பழைய_தொப்பி

டயர் மாத்தினாரா! அப்போ பாதி அனுமதி இல்ல, முழு அனுமதிதான்.

ஆறு பக்கம் 20 நிமிஷத்துக்கு ரொம்ப அதிகம், ஒன்றரைப் பக்கம் போதும். ஆத்தோட போக்கு மாறினதை எடுத்துறச் சொல்லுங்க. கேக்க நல்ல கதை, அதனாலதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா விஞ்ஞானிகளுக்குள்ளயே அதுல பெரிய தகராறு இருக்கு. எல்க் குறைஞ்சதுக்கு ஓநாய் மட்டும் காரணம் இல்ல. கரடி இருக்கு, மலைச்சிங்கம் இருக்கு, பூங்காவுக்கு வெளிய வேட்டை இருக்கு, வறட்சி இருக்கு. வில்லோ செடி சில இடத்துல நல்லா வந்திருக்கு, சில இடத்துல வரவே இல்ல. ஓநாய் இல்லாத அந்த எழுபது வருஷத்துல ஓடையில அணை கட்டுற பீவர் போச்சு, அதோட அணை போச்சு, நிலத்தடி நீர் இறங்கிருச்சு. ஓநாயைத் திரும்பக் கொண்டு வந்துட்டா நீர் தானா ஏறாது. கூட்டத்துல எப்பவும் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் கைகட்டிக்கிட்டு பின் வரிசையில நிப்பார். அவர் இதைக் கேக்குறதுக்கு முன்னால இவளே கூட்டத்தைக் கேக்கட்டும்: "ஒரு மிருகத்தை எடுத்துட்டு எழுபது வருஷம் கழிச்சுத் திரும்ப வெச்சா, எல்லாம் பழையபடி ஆயிருமா?" பேச்சுக்கு அதுவே முதுகெலும்பு. 14, 17ங்கிற நம்பர் இருக்கட்டும், சின்ன நம்பர்தான், மனசுல நிக்கும். கனடாவும் இருக்கட்டும், இல்லேன்னா குளிர்நாட்டான் விட மாட்டார். மீதி நம்பரையெல்லாம் பாக்கெட்ல வெச்சுக்கணும், யாராவது கேட்டா எடுக்க.

மத்த மிருகங்க, பறவைங்க பத்தி மூணாம் பக்கத்துல இருக்கும்னு நினைக்கிறேன், எல்லாரும் எழுதுவாங்க. அதையும் வெட்டச் சொல்லுங்க. வெட்டின பிறகு எனக்குத் தனி மெசேஜ்ல அனுப்பச் சொல்லுங்க, சத்தமா படிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பினா இன்னும் நல்லது. எழுதினதை நான் திருத்த மாட்டேன், பேசினதைத்தான் திருத்துவேன்.